மிச்சம் வைக்காத கிண்ணங்கள்

நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது வெங்காயத்தாளைப் பற்றி.

“ஏய் ஃபுமியே, இது என்ன விறகா? இன்னும் பொடிசா நறுக்கேன்” என்றார் என் கணவர்.

“வர்றவங்களுக்குப் பல்லு இருக்கு. மென்னு திங்கட்டும்.”

“இகராஷி சானுக்கு எங்க இருக்கு?”

“அவருக்கு மட்டும் தனியா நறுக்கித் தர்றேன், போங்க.”

அவர் சிரித்தாரா என்று நினைவில்லை. நான் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு, பனி வாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரவெல்லாம் கொட்டியிருந்தது. கடை திறந்தாயிற்று என்று காட்டும் துணித்திரையை வாசலில் தொங்கவிடுவதற்கு முன்னால் ஆட்கள் நடக்க வழி செய்தாக வேண்டும். மண்வெட்டி தரையில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றுவிட்டது. தெருவில் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிப்பட்டவர்தான், வேலை பாதியில் நிற்கும், பேச்சு நிற்காது. நான் வெங்காயத்தாளை நறுக்கி முடித்துத் தண்ணீரில் அலசி வைத்தேன்.

நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிற நீகுரா கையுறையைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். வழக்கமாகப் “பசி, பசி” என்று தெருவிலிருந்தே கத்திக்கொண்டு வருவான். அன்று “அம்மா” என்று மட்டும் சொன்னான்.

என் கணவருக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மறுநாள் மாலை வரை மூச்சு இருந்தது. இளம் டாக்டர் ஒருவர் என்னிடம், “சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தி சேத்துக்குவாரா?” என்று கேட்டார். “ராமென் கடை வெச்சிருக்கோம்” என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

எங்கள் கிதகதாவில் காலையிலேயே ராமென் சாப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. எங்களுக்கு விடிந்தால் ராமென், அவ்வளவுதான். வேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள், இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களும் வருவார்கள். தடித்த சுருள் நூடுல்ஸை உறிஞ்சி முடித்து, இறைச்சித் துண்டுகளைத் தின்று, சாற்றில் நாலு மடக்கு குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கிக் கவுன்டரின் மேல்தட்டில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். சாற்றை அடிவரை குடிப்பது விடுமுறை நாளில்தான். வேலை நாளில் யாருக்கும் அவ்வளவு நேரமும் இல்லை, வயிற்றில் இடமும் இல்லை.

கடையில் சாறு அவர் வேலை. கவுன்டர் என் வேலை. எலும்பும் நெத்திலிக் கருவாடும் கொதித்த தெளிசாறு ஒரு பானையில் இருக்கும். இன்னொரு பானையில், பன்றி இறைச்சியைச் சோயாவில் வேகவைத்து எடுத்த கருப்புச் சாறு. கிண்ணத்தின் அடியில் கருப்புச் சாற்றை ஊற்றி மேலே தெளிசாற்றை ஊற்ற வேண்டும். ருசி முழுக்கக் கருப்பில்தான் இருக்கிறது. அது ஒருநாள் போல ஒருநாள் வற்றுவதில்லை. எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது, எவ்வளவு உப்பு போடுவது என்பதைச் சின்னத் தட்டில் ஊற்றி நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார். சரியாக இருந்தால் “ம்” என்பார். அந்த “ம்” வந்த பிறகு நான் போய்த் துணித்திரையைத் தொங்கவிடுவேன்.

அவருடைய தம்பி கொரியாமாவிலிருந்து வந்து, நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்ததும், “அண்ணி, கடைய மூடிட்டு எங்க பக்கமா வந்துடுங்க. ஒண்டியா இந்தப் பனியில என்ன பண்ணுவீங்க?” என்றார். நல்ல மனிதர். எனக்கு அவரோடு வாதாடத் தெம்பில்லை. ஆனால் போகவும் மனமில்லை. என் கணவருடைய செருப்பு, கம்பளித் தொப்பி, வானொலிப் பெட்டி எல்லாம் இருந்தன. அவையெல்லாம் அவர் வாங்கியவை. அவர் உண்டாக்கியது என்று இந்த உலகத்தில் இருந்தது அந்தச் சாறு ஒன்றுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானும் கைவிட்டால் அது அவரோடு போய்விடும். அதனால்தான் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

கல்யாணமான நாளிலிருந்து தினமும் காலையில் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறேன். என் நாக்குக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

தட்டில் ஊற்றி வாயில் வைத்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. கொஞ்சம் உப்பு போட்டேன். அப்போதும் வெந்நீர்தான். இன்னும் போட்டேன். சோறும் ஊறுகாயும்கூட அந்த நாட்களில் எனக்கு அட்டை மாதிரிதான் இருந்தன. துக்கத்தில் இருப்பவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் விற்கிற சாற்றை அப்படி விட முடியாது அல்லவா? நாக்கின் ஓரத்தில் ஏதோ தட்டுப்படும்வரை போட்டேன். தட்டுப்பட்டதும், இதுதான் என்று நிறுத்திக்கொண்டேன். “ம்” என்று சொல்லிப் பார்த்தேன். சமையலறையில் அது வேறு யாருடைய குரலோ போல ஒலித்தது.

முதல் நாள் எப்படிப் போனது என்று நினைவில்லை. நிறையப் பேர் வந்தார்கள், குனிந்து வணங்கினார்கள், சாப்பிட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்துதான் அதைக் கவனித்தேன். மேல்தட்டில் வந்து அமரும் கிண்ணங்கள் எல்லாம் காலியாக இருந்தன. பாதி, கால் என்ற பேச்சே இல்லை. அடியில் ஒரு சொட்டு இல்லாமல், கிண்ணத்துக்குள் வரைந்திருந்த நீலக்கோடு பளிச்சென்று தெரிந்தது.

“சாப்பாட்டுக்கு நன்றிம்மா” என்று இகராஷி சான் சொல்லிவிட்டு எழுந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு காலைச் சாப்பாட்டை எங்கள் கடையிலேயே வைத்துக்கொண்டவர். அடுப்புக்கு அருகே இருக்கும் நாற்காலி அவருடையது என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். அவர் கிண்ணமும் காலி. என் கணவர் இருந்தபோது இகராஷி சான் ஒருநாளும் சாற்றை முடித்ததில்லை.

நான் வேறு என்ன நினைத்திருக்க முடியும்? அன்று சாயந்திரம் சாமிமாடத்தில் இருந்த என் கணவர் படத்துக்கு முன்னால் தண்ணீரை மாற்றிவைத்துவிட்டு, “பாத்தீங்களா, உங்களுக்குக்கூட இப்படிக் கெடச்சதில்ல” என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதன் பிறகு பல நாட்கள் அந்தக் காலி கிண்ணங்களை வைத்துத்தான் நாளைக் கடத்தினேன். முதுகு வலிக்கும், கால் வீங்கும், இரவு தூக்கம் வராது. காலையில் கழுவுதொட்டிக்கு வரும் கிண்ணங்கள் காலியாக இருக்கும். அது போதும் என்றிருந்தது.

கவுன்டரில் வைக்கும் குளிர்ந்த தண்ணீர்க் கூஜாக்களை அடிக்கடி நிரப்ப வேண்டியிருந்தது. அடுப்புச் சூட்டில் தொண்டை காய்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் ஒருநாள் ஓசாகாப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். கனத்த உடம்பு, கழுத்தில் துண்டு. ஒரு மடக்கு குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

“அம்மா, கொஞ்சம் வெந்நீர் கெடைக்குமா?”

“டீ தரட்டுமா?”

“டீ இல்லம்மா, இதுல ஊத்திக்க. உப்பு பயங்கரமா இருக்கு.”

கடையில் நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. நீகுரா அவர் பக்கம் திரும்பி, “ஊருக்கு ஊர் நாக்கு வேறண்ணே. ஓசாகாக்காரங்களுக்குப் பச்சத் தண்ணிகூட உப்பாத்தான் இருக்கும்” என்றான்.

“நாக்கா? யோவ், நான் கடல்ல விழுந்து எந்திரிச்சவன். அப்பக்கூட இவ்வளவு உப்பு வாய்க்குள்ள போகல.”

“பிடிக்கலன்னா வெச்சிட்டுக் கெளம்புங்க.”

“பிடிக்கலன்னு யார் சொன்னா? எறைச்சி அருமை. நூடுல்ஸ் அருமை. வெந்நீர்தானே கேட்டேன்? அதுக்கு ஏன்யா கடையே என்னை இப்படி மொறைக்குது?”

உண்மையில் கடையே முறைத்துக்கொண்டுதான் இருந்தது. அவரை அல்ல, அவர் வாயை. அதை எப்படியாவது மூட வேண்டும் என்பது போல. நான் அதைப் பார்த்தேன். அடுப்போரத்தில் இருந்த இகராஷி சான் இரண்டு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கினார். ஓட்டுநர் பார்க்கும்படி, நிறுத்தாமல், அடிவரை குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. கிண்ணத்தை மேல்தட்டில் வைத்து, “இப்படித்தான் இங்க குடிப்போம்” என்றார். முகம் சிவந்திருந்தது. கண்ணில் நீர். பிறகு கூஜாவை இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். குடித்தார். மறுபடியும் ஊற்றினார்.

ஓட்டுநருக்கு வெந்நீர் கொடுத்தேன். அவர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துப் போய்விட்டார். நான் கவுன்டரைத் துடைக்கவில்லை.

“நீகுரா, உப்பா இருக்கா?”

“அந்த ஆளு கெடக்கான்மா—”

“நான் அந்த ஆளப் பத்திக் கேக்கல.”

அவன் தலையைச் சொறிந்தான். இகராஷி சான் செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு, “ருசியாத்தான் இருக்கு” என்றார், தாளுக்குப் பின்னாலிருந்து.

“இகராஷி சான், டாக்டரப் பாத்து எத்தன நாளாச்சு?”

அவர் செய்தித்தாளில் ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

“பெருசு இப்பல்லாம் டாக்டர்கிட்டயே போறதில்லம்மா” என்றான் நீகுரா. “போனா பிரஷர் பாப்பாங்க, பாத்தா திட்டுவாங்கன்னு.”

“வாய மூடுடா.”

“எதுக்கு மூடணும்? நானும்தான் வண்டியில ரெண்டு பாட்டில் தண்ணி வெச்சிட்டுச் சுத்துறேன். பனி தள்றத விட ஒண்ணுக்குப் போறதுதான் பெரிய வேலையா இருக்கு.”

யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். காலி நூடுல்ஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் கவுன்டருக்கு மேலே அவர்கள் தலைகள் மட்டும் தெரிந்தன.

“அவரு எப்படிப் போனாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்” என்றேன். “தெரிஞ்சும் குடிச்சீங்களா? ஏன்?”

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது.

“மொத நாளு நான் மிச்சம் வெச்சேன்மா” என்றார் இகராஷி சான். “எப்பவும் வெக்கற மாதிரிதான். நீ அந்தக் கிண்ணத்த எடுத்துட்டுப் போயி தொட்டிகிட்ட நின்ன. ஊத்தல. கழுவல. சும்மா அதையே பாத்துக்கிட்டு நின்ன. அடுப்புல பானை பொங்கி வழியுது, நீ திரும்பல. நீகுராதான் உள்ள வந்து அணைச்சான். ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை.

“வெளிய போயி பனிக்குவியல் பக்கத்துல நின்னு பேசினோம். யாரும் மிச்சம் வெக்கறதில்லன்னு. அவ்வளவுதான். பெரிசா ஒண்ணும் இல்ல.”

“எத்தன நாளைக்கு?”

“அத யோசிக்கல” என்றார்.

அன்று துணித்திரையைச் சீக்கிரமே எடுத்து உள்ளே வைத்தேன். டாக்டரிடம் போனது நான்தான். மோப்பம் போய்விட்டது, அதோடு ருசியும் போய்விட்டது என்றார். சளியாக இருக்கலாம், துக்கமாக இருக்கலாம், வயதாக இருக்கலாம், திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம் என்று எல்லா லாம்களையும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, இரண்டு பானைகளையும் வடிகாலில் கவிழ்த்தேன். என் கணவரின் சாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று இத்தனை நாளும் அடுப்பில் வைத்திருந்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கடையை மூடிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்ல, தொலைபேசியை எடுத்துக் கொரியாமாவுக்குக் கூப்பிட்டேன். தம்பி குரலைக் கேட்டதும், “சும்மாதான் கூப்பிட்டேன். அங்க பனி கரைஞ்சிடுச்சா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

மறுநாள் விடியலில், சொல்லிவைத்தபடி இகராஷி சானும் நீகுராவும் வந்தார்கள். அவர்கள் நாக்கை வைத்து அவருடைய ருசியைப் பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். உப்பே போடாத கருப்புச் சாற்றைத் தட்டில் ஊற்றிக் கொடுத்தேன்.

“இதேதான்!” என்றார் இகராஷி சான்.

“இதுல இன்னும் உப்பே போடலயே.”

“அதான் சொல்றேன், முதலாளி கம்மியாத்தான் போடுவாரு.”

“யோவ் பெருசு, முதலாளி சாறு நல்லா தூக்கலா இருக்கும்” என்றான் நீகுரா. “கொஞ்சம் இனிப்பு வேற.”

“இனிப்பா? உங்க அம்மா செய்யறத நெனச்சிட்டுச் சொல்றியா?”

“எங்கம்மா எங்க செஞ்சா? அதனாலதானே இங்க வர்றேன்!”

உப்பு போட்டுக் கொடுத்தேன். “இதேதான்” என்றார்கள் இருவரும் ஒன்றாக. இன்னும் போட்டேன். அதற்கும் “இதேதான்”. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். தட்டைப் பார்க்கவே இல்லை. அவர்கள்மீது கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது. இவ்வளவு பிரியம் உள்ளவர்கள் நாக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று புரிந்தது.

அப்போது பின்கதவைக் காலால் தள்ளிக்கொண்டு கசுயோ நூடுல்ஸ் பெட்டிகளோடு வந்தாள். நூடுல்ஸ் செய்கிறவரின் மனைவி. ஊரில் பாதிக் கடைகளுக்கு அவள்தான் வண்டியில் கொண்டுபோய்ப் போடுகிறாள். எங்கும் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். ‘நாள் பூரா அந்த மாவு வாசனையிலயே கெடக்கேன், அதத் திங்க வேற வேணுமா?’ என்பாள். அவளுக்கும் எனக்கும் பெரிய நட்பு என்று சொல்ல முடியாது. என் கணவர் இறந்த அன்று வந்து, “மூணு பெட்டி இன்னிக்கு வேணாந்தானே?” என்று கேட்டவள் அவள்.

“கசுயோ, இதக் கொஞ்சம் வாயில வெச்சுச் சொல்லேன்.”

அவள் பெட்டியைக் கீழே வைக்காமலேயே குனிந்து என் கையிலிருந்த தட்டில் உறிஞ்சினாள்.

“தூ! என்னடி இது, ஊறுகாய்த் தண்ணியா? இதயா வித்துட்டிருந்த?”

இகராஷி சான் இருமினார். நீகுரா கூரையைப் பார்த்தான்.

“தண்ணி ஊத்து” என்றாள் கசுயோ. ஊற்றினேன். “இன்னும்.” ஊற்றினேன். பெட்டிகளை அடுக்கிவிட்டு வந்து மறுபடியும் உறிஞ்சினாள். “போதும், நிறுத்து.”

“அவரு செஞ்ச மாதிரி இருக்கா?”

“அவரு செஞ்சத நான் எப்ப குடிச்சேன்?”

“நீ ஒரு தடவகூடக் குடிச்சதில்லயா?”

“இல்ல. இது நல்லாருக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கலக்காத. உடம்பப் பாத்துக்கோ. நாளைக்கு எத்தன பெட்டி?”

தட்டில் மிச்சம் இருந்ததை நானும் குடித்துப் பார்த்தேன். வெந்நீர்தான். அது அவர் சாறு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள நாக்கு தேவைப்படவில்லை. அவர் “ம்” என்றதற்கு என்ன அர்த்தம் என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கசுயோவுக்கு அடுத்த கடைக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது.

“ரெண்டு கொண்டா” என்றேன்.

இகராஷி சானுக்கு அன்று வைத்த கிண்ணத்தில் கருப்புச் சாற்றை இன்னும் குறைத்து ஊற்றினேன். “முடிச்சீங்கன்னா நாளைக்குக் கடைக்குள்ள விட மாட்டேன்” என்றேன். அவர் நூடுல்ஸைச் சாப்பிட்டார். நாலு மடக்கு குடித்தார். கிண்ணத்தைத் தூக்கி மேல்தட்டில் வைக்கும்போது கை தயங்கியது. சாறு பாதிக்கு மேல் இருந்தது. நான் அதை எடுத்துப்போய், அவர் பார்த்துக்கொண்டிருக்க, நேராக வடிகாலில் ஊற்றிக் கழுவினேன். அவர் செய்தித்தாளைப் பிரித்தார்.

அதன் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. என் மோப்பம் முழுதாகத் திரும்பவில்லை. கருவாடு கருகினால் தெரிகிறது, மற்றது தெரியவில்லை. தினமும் கசுயோ குனிந்து உறிஞ்சிவிட்டு ஏதாவது திட்டிவிட்டுப் போகிறாள். எங்கள் சாறு இப்போது முன்பைவிட லேசாக இருக்கிறது என்று புதிதாக வருபவர்களிடம் நீகுரா சொல்கிறான். முன்பு எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்டால் நீகுரா ஒன்று சொல்கிறான், இகராஷி சான் இன்னொன்று சொல்கிறார், சண்டை வருகிறது. நான் நடுவில் பேசுவதில்லை.

இன்று மறுபடியும் பனி. பின்கட்டில் விளக்கைப் போட்டு, அலசி வைத்த பன்றி எலும்பைப் பானையில் போட்டு, தண்ணீர் விட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன். யார் வைத்தாலும் எலும்பு வேக அதே நேரம்தான் ஆகிறது.